ஐல் ராயல் தேசியப் பூங்கா

ஐல் ராயல் தேசியப் பூங்கா என்பது ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு உட்பட்ட, சுப்பீரியர் ஏரியின் வடமேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு தீவுப் பூங்கா ஆகும். ஐல் ராயல் என்னும் பெருந்தீவும், அதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 450 சிறு தீவுகளும், அவற்றைச் சுற்றியுள்ள ஏரிப்பரப்பும் இதில் அடங்கும். 1940 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள் தேசியப் பூங்காவாக நிறுவப்பட்டது. 1976 இல் இதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 99 விழுக்காடு வனாந்தரப் பகுதியாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 1980 இல் யுனெசுக்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது.

இத்தீவுக்குப் பாலம் எதுவும் இல்லை. தீவினுள் பொதுமக்களுக்கான சாலைகளும் இல்லை. ஆண்டொன்றுக்கு இங்கு வருவோர் தொகை அண்மைக் காலத்தில் 25,000 முதல் 29,000 வரை என்ற அளவிலேயே உள்ளது. யெலோசுட்டோன் தேசியப் பூங்காவுக்கு ஓராண்டில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செல்வதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு குறைவு என்பது விளங்கும். ஆனால் பிற பூங்காக்களில் பெரும்பாலோர் சில மணி நேரம் தங்கித் திரும்ப, ஐல் ராயலுக்கு வருவோர் சராசரியாக மூன்று நான்கு நாட்கள் தங்குகின்றனர். 1958 முதல் இங்கு நடைபெற்று வரும் ஓநாய்கள், மூஸ் மான்கள் பற்றிய ஆய்வே, இரைகௌவிக்கும் இரைக்கும் இடையிலான உறவு குறித்து உலகில் மிக நீண்ட காலமாகத் தொடர்ந்து நடைபெறும் ஆய்வு ஆகும்.

பெயர்

பிரெஞ்சு மொழியில் ஐல் ராயல் என்பது அரசத் தீவு எனப் பொருள்படும். இப்பகுதியின் தொல்குடிகளான ஒஜிப்வே மக்கள் இதனை மினோங் என அழைக்கின்றனர். தீவின் வடபகுதியில் உள்ள ஒரு மலைமுகட்டுக்கும் அதன் வழியே செல்லும் நடைபாதைக்கும் இப்பெயர் வழங்குகிறது.

அமெரிக்க விடுதலைப் போரை முடிவுக்குக் கொண்டுவந்த 1783 ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையில் ஐல் ராயலின் பெயர் இடம்பெற்றுள்ளது. எல்லைக்கோடு ஐல் ராயல், பிலிப்போ ஆகிய இரு தீவுகளுக்கும் வடக்கே செல்லும் என அவ்வுடன்படிக்கை கூறுகிறது. பிலிப்போ என்றொரு தீவு சுப்பீரியர் ஏரியில் இல்லை. அக்கால நிலப்படங்களில் தவறாக வரையப்பட்ட தீவு அது. இவ்வாறு, இருக்கும் தீவொன்றும் இல்லாத தீவொன்றும் ஒரே வரியில் அமெரிக்காவுக்கு உரியனவாயின.

அமைவிடமும் நிலவமைப்பும்

பெருந்தீவு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. பரப்பளவு ஏறத்தாழ 535 சதுர கிலோமீட்டர். ஏரிப்பரப்பையும் சேர்த்தால் பூங்காவின் மொத்தப் பரப்பு 2,300 சதுர கிலோமீட்டருக்கு மேற்படும். அதாவது இப்பூங்காவின் பெரும்பகுதி நிலம் அன்று, நீரே ஆகும். தீவு மிச்சிகனுக்கு உரியதாயினும், மினசோட்டா மாநிலக் கரையும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கரையுமே இதற்கு அண்மையில் உள்ளன.

உயரத்திலிருந்து நோக்கினால், சீப்பால் வாரியது போல ஒன்றுக்கொன்று இணையான நீண்ட முகடுகளும் பள்ளங்களும் தீவு முழுவதும் ஓடுவதைக் காணலாம். ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வட அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதி பிளவுறத் தொடங்கியபோது வெளிப்பட்ட எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காக இறுகிப் பசால்ட்டுப் பாறையாயிற்று. பிளவின் நடுப்பகுதி பின்னர் அமிழ்ந்ததால் இவ்வடுக்குகள் ஒரு கிண்ணம் போல் வளைந்தன. அக்கிண்ணத்தின் வடவிளிம்பு ஐல் ராயல், தென்விளிம்பு மிச்சிகனின் கீவினோ மூவலந்தீவு, நடுவே சுப்பீரியர் ஏரி. இதனால் ஐல் ராயலின் பாறை அடுக்குகள் தெற்கு நோக்கியும், கீவினோவின் அடுக்குகள் வடக்கு நோக்கியும் சரிந்துள்ளன. தீவின் முகடுகள் ஒருபுறம் செங்குத்தாகவும் மறுபுறம் சாய்வாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம். மினோங் முகட்டில் நடப்பவர்களின் முழங்கால்கள் இந்தப் புவியியல் பாடத்தை எளிதில் மறப்பதில்லை.

தீவின் மிக உயர்ந்த இடம் 425 மீட்டர் உயரமுள்ள டெசோர் மலை ஆகும். ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 183 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நீரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இம்மலை பெரிதாகத் தோன்றாது. பள்ளங்களில் பல ஏரிகளும் சதுப்பு நிலங்களும் உள்ளன. இவற்றுள் பெரியது சிசுக்கிவிட் ஏரி. அதனுள் ரயன் என்னும் தீவு உள்ளது. உலகின் மிகப்பெரிய பரப்புடைய நன்னீர் ஏரியில் உள்ள மிகப்பெரிய தீவின் மிகப்பெரிய ஏரியில் உள்ள மிகப்பெரிய தீவு என்று ரயன் தீவைக் கூறுவர். அத்தீவில் ஒரு குட்டையும், குட்டைக்குள் ஒரு பாறையும் உள்ளதாக இணையத்தில் பரவலாகக் காணப்படும் செய்திக்குச் சான்று எதுவும் இல்லை.

வரலாறு

ஐல் ராயலின் பாறைகளில் செம்பு தூய உலோகமாகவே கிடைக்கிறது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மக்கள் செம்பு எடுத்துள்ளனர். கரையில் கிடைத்த உருண்டைக் கற்களைச் சம்மட்டியாகக் கொண்டு பாறையை உடைத்து அவர்கள் தோண்டிய குழிகளை மினோங் முகட்டில் இன்றும் காணலாம். அங்ஙனம் எடுத்த செம்பைத் தட்டி ஈட்டிமுனைகள், ஊசிகள், அணிகள் ஆகியவற்றைச் செய்தனர்.

1840களில் அமெரிக்க அரசு ஒஜிப்வே மக்களிடமிருந்து தீவை உடன்படிக்கை வாயிலாகப் பெற்ற பின்னர் வணிகச் சுரங்கங்கள் தோன்றின. 19 ஆம் நூற்றாண்டில் மூன்று முறை சுரங்கத் தொழில் தொடங்கி மூன்று முறையும் கைவிடப்பட்டது. செம்பு இருந்தது, ஆனால் தொலைவும், குளிரும், சரக்கேற்றும் செலவும் ஆதாயத்தை விழுங்கின. சுரங்கத்துக்காகக் காடுகள் எரிக்கப்பட்டதும் வெட்டப்பட்டதும் இக்காலத்தில்தான். சுரங்கத்தார் சென்ற பிறகும் மீனவர்கள் தங்கினர். அவர்களுள் பலர் நோர்வே, சுவீடன் நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடைக்கால விடுதிகளும் எழுந்தன.

1920களில் தீவின் மரங்களை வெட்டும் திட்டங்கள் வலுப்பெற்றபோது, டெட்ராய்ட் நியூசு இதழின் செய்தியாளர் ஆல்பர்ட் சுடோல் தீவைப் பூங்காவாக்க வேண்டுமெனத் தொடர்ந்து எழுதினார். 1931 மார்ச்சு 3 ஆம் நாள் குடியரசுத் தலைவர் எர்பர்ட் ஊவர் இதற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். நிலங்களை வாங்குவதற்கும், 1936 இல் தீவின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எரித்த பெருந்தீயை அணைப்பதற்கும் ஆண்டுகள் கழிந்தன. 1940 இல் நிறுவப்பட்ட பூங்கா, போர் முடிந்த பின்னர் 1946 ஆகத்து 27 ஆம் நாள் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

மீனவக் குடும்பங்களுள் சிலவற்றுக்கு அவர்தம் வாழ்நாள் வரை மட்டும் தங்கும் உரிமை வழங்கப்பட்டது. வாழ்நாள்கள் முடிய முடிய வீடுகளும் ஓய்ந்தன. ராக் துறைமுகத்துக்கு எதிரே உள்ள எடிசன் மீன்பிடி நிலையம் மட்டும் வலைகளுடனும் படகுகளுடனும் காட்சியிடமாகப் பேணப்படுகிறது. எனவே, ஐல் ராயலை மனிதத் தடம் படாத காடு எனக் கூறுவது முழுதும் சரியன்று. தடங்கள் பட்டு, பின் மெல்ல அகற்றப்பட்ட காடு என்பதே பொருத்தம். கிராண்ட் போர்ட்டேச்சு ஒஜிப்வே மக்கள் இத்தீவுடன் கொண்டுள்ள உறவை ஏற்கும் வகையில், 2019 இல் மினோங் அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் மரபுவழிப் பண்பாட்டு இடமாகச் சேர்க்கப்பட்டது.

சென்றடைதல்

பூங்கா ஆண்டுதோறும் ஏப்ரல் 16 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். மற்ற மாதங்களில் முழுமையாக மூடப்படும். தீவுக்குக் கப்பலிலோ, மிதவை விமானத்திலோ, சொந்தப் படகிலோ மட்டுமே செல்ல இயலும். மிச்சிகனின் ஓட்டன் நகரிலிருந்து பூங்கா நிருவாகத்தின் கப்பலான ரேஞ்சர் 3 புறப்படுகிறது. 1958 இல் கட்டப்பட்ட இக்கப்பல் ஏறத்தாழ 117 கிலோமீட்டர் தொலைவை ஆறு மணி நேரத்தில் கடக்கிறது. காப்பர் ஆர்பரிலிருந்து செல்லும் தனியார் கப்பல் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். மினசோட்டாவின் கிராண்ட் போர்ட்டேச்சிலிருந்து செல்வது மிகக் குறுகிய வழி. கிராண்ட் போர்ட்டேச்சு அமெரிக்க நடு நேர வலயத்திலும், தீவு கிழக்கு நேர வலயத்திலும் உள்ளன. திரும்பும் கப்பலைத் தவறவிட விரும்பாதவர்கள் இந்த ஒரு மணி நேர வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

மூடுபனியும் பேரலையும் எழும் நாட்களில் கப்பல்களும் விமானங்களும் புறப்படுவதில்லை. ஆகவே திட்டமிட்டதைவிட ஓரிரு நாட்களுக்குக் கூடுதலாக உணவு கொண்டுசெல்வது இங்கு வழக்கம். தீவின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசிகள் இயங்குவதில்லை.

வடகிழக்கு முனைக்கு அருகில் உள்ள ராக் துறைமுகமும், தென்மேற்கு முனையில் உள்ள விண்டிகோவும் தீவின் இரு வாயில்கள். ராக் துறைமுகத்தில் ஒரு விடுதியும் சிறு கடையும் உள்ளன. விண்டிகோவில் கடையும் சில எளிய அறைகளும் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டில் வாங்குவதற்கு எதுவும் இல்லை.

நடைப்பயணம்

தீவில் ஏறத்தாழ 265 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதைகளும் 36 முகாமிடங்களும் உள்ளன. மிதிவண்டி உட்படச் சக்கர வண்டிகளுக்கு இசைவில்லை; மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலி இதற்கு விலக்கு. கூடாரமும் உணவும் படுக்கையும் முதுகில் சுமந்து நடப்பதே இங்கு முதன்மையான பொழுதுபோக்கு.

கிரீன்சுடோன் முகட்டுப் பாதை தீவின் முதுகெலும்பு வழியே ஏறத்தாழ 65 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. இதனை நடந்து முடிக்கப் பொதுவாக நான்கு அல்லது ஐந்து நாட்கள் ஆகும். இதன் அடியிலுள்ள பாறை, உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய எரிமலைக்குழம்புப் பாய்வுகளுள் ஒன்றின் எச்சமாகும். கிழக்குப் பகுதியில் ஒஜிப்வே மலை மீதுள்ள கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து தீவின் இருபுறமும் ஏரி தெரியும். வானம் தெளிந்த நாளில் வடக்கே கனடாவின் மலைகளும் தென்படும். மேற்குப் பகுதியில் பாதை அடர்ந்த மேப்பிள், மஞ்சள் பிர்ச் காடுகளுக்குள் நுழைகிறது. அங்கு காட்சிகள் குறைவு. ஆனால் ஆளரவம் அதனினும் குறைவு.

மினோங் முகட்டுப் பாதை இதனினும் கடினமானது. வெறும்பாறை மீது கற்குவியல்களை அடையாளமாகக் கொண்டு வழி காணவேண்டும். பீவர்கள் கட்டிய அணைகள் மீது நடந்து சதுப்புகளைக் கடக்கவேண்டிய இடங்களும் உண்டு. ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்களுக்கு ராக் துறைமுகத்திலிருந்து சுகோவில் முனைக்குச் செல்லும், ஆல்பர்ட் சுடோலின் பெயர் தாங்கிய பாதை ஏற்றது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் சுற்றளவுடைய இப்பாதை காட்டையும் பாறைக்கரையையும் மாறிமாறித் தொட்டுச் செல்கிறது.

சூன், சூலை மாதங்களில் கொசுக்களும் கருவீக்களும் மிகுதி. ஆகத்து மாதத்தில் இவை குறைந்து, காட்டு நீலபெர்ரிகளும் திம்பிள்பெர்ரிகளும் பழுக்கின்றன. பல முகாமிடங்களில் மூன்று புறம் மரச்சுவரும் ஒரு புறம் கொசுவலையும் கொண்ட குடில்கள் உள்ளன. முன்பதிவு இன்றி, முதலில் வருவோர் அவற்றைப் பயன்படுத்தலாம்.

குடிநீர் பற்றித் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஓநாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் அதன் கழிவு வழியாக நீரில் கலக்கின்றன. அந்நீரையும் புல்பூண்டுகளையும் உட்கொள்ளும் மூஸ் மானின் நுரையீரலில் அவை நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. அந்த மானை உண்ணும் ஓநாயின் குடலில் மீண்டும் புழுவாகின்றன. மனிதன் இச்சுழற்சியில் தவறிப் புகுந்தால் மானின் இடத்தையே பெறுகிறான். வேதிப்பொருள்களால் இம்முட்டைகள் அழிவதில்லை. எனவே எவ்வளவு தெளிந்த நீராயினும் கொதிக்கவைத்தோ, 0.4 மைக்ரான் அல்லது அதனினும் நுண்ணிய வடிகட்டியால் வடிகட்டியோதான் அருந்த வேண்டும்.

நீர்வழிகளும் மூழ்கிய கப்பல்களும்

தீவின் உள்ளேரிகள் சிறு தோணியிலும் கயாக்கிலும் செல்வோரை ஈர்க்கின்றன. ஓர் ஏரியிலிருந்து அடுத்ததற்குத் தோணியைத் தலைக்கு மேல் சுமந்து செல்வதற்கென ஒற்றையடிப் பாதைகள் உள்ளன. வெளியேரியில் செல்வது வேறு வகையான துணிவைக் கோருவது. கோடையிலும் சுப்பீரியரின் நீர் கடுங்குளிராகவே இருக்கும். அதில் கவிழ்ந்தவர்கள் நீந்தத் தெரியாமையால் அன்றி, குளிரால் கைகால்கள் செயலிழந்தே பெரும்பாலும் இறக்கின்றனர்.

பூங்காவின் எல்லைக்குள் பத்துப் பெரிய கப்பல்களின் சிதைவுகள் உள்ளன. 1885 நவம்பர் 7 ஆம் நாள் பனிப்புயலில் தீவின் பாறைகளில் மோதிய அல்கோமா என்னும் கனடியக் கப்பலில் 45 பேருக்கு மேல் இறந்தனர். சுப்பீரியர் ஏரியில் ஒரே விபத்தில் நேர்ந்த மிகப்பெரும் உயிரிழப்பு இதுவே. 1927 திசம்பரில் கம்லூப்சு என்னும் சரக்குக் கப்பல் அதிலிருந்த அனைவருடனும் காணாமற் போயிற்று. நீரடியில் அது கண்டறியப்பட்டது 50 ஆண்டுகள் கழித்து, 1977 இல்தான். தீவு மீனவர்களுக்கு அஞ்சலும் சரக்கும் கொண்டுவந்த அமெரிக்கா என்னும் நீராவிக் கப்பல் 1928 சூன் 7 ஆம் நாள் விண்டிகோவுக்கு அருகில் மூழ்கியது. பயணிகள் அனைவரும் தப்பினர். கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு நாய் மட்டும் இறந்தது. அக்கப்பலின் முன்பகுதி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால், அமைதியான நாட்களில் படகிலிருந்தபடியே அதனைக் காணலாம்.

குளிர்ந்த நன்னீரில் மரமும் இரும்பும் மெல்லவே சிதைகின்றன. ஆகவே இச்சிதைவுகள் மூழ்குநர்களிடையே புகழ் பெற்றவை. மூழ்க விரும்புவோர் முன்னதாகப் பூங்கா நிருவாகத்திடம் பதிவு செய்தல் வேண்டும். ஓர் ஆணியைக்கூட எடுத்துச் செல்லுதல் குற்றமாகும். 1855 இல் கட்டப்பட்ட ராக் துறைமுகக் கலங்கரை விளக்கம் உட்பட நான்கு கலங்கரை விளக்கங்களும் பூங்காவில் உள்ளன.

தாவரங்களும் விலங்குகளும்

ஏரிக்கரையை ஒட்டிய குளிர்ந்த பகுதிகளில் ஸ்ப்ரூஸ், பால்சம் ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களும், வெப்பமான உள்முகடுகளில் மேப்பிள், பிர்ச் போன்ற அகலிலை மரங்களும் வளர்கின்றன. பிசாசுத் தடி எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட முட்செடி ஒன்று, தன் இயல்பான வாழிடமான பசிபிக் கரையிலிருந்து பெருந்தொலைவு விலகி இங்கு காணப்படுவது வியப்புக்குரியது.

அண்மைக் கரைகளில் 40க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் வாழ, தீவில் ஏறத்தாழ 18 இனங்களே உள்ளன. நீந்தவோ, பறக்கவோ, பனிமீது நடக்கவோ இயன்றவை மட்டுமே வந்து சேர்ந்தன. அதனால் இங்கு கரடி இல்லை. மான் வகையில் மூஸ் தவிர வேறில்லை. செந்நரி, பீவர், நீர்நாய், பனிமுயல், செவ்வணில் ஆகியன உண்டு. செந்நரிகள் முகாமிடங்களில் அச்சமின்றி உலவும். கூடாரத்துக்கு வெளியே விட்ட காலணியைக் கவ்விச் செல்வது அவற்றின் வழக்கம். இரவில் உள்ளேரிகளிலிருந்து எழும் லூன் பறவையின் நீண்ட குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை என்பர்.

ஓநாய்களும் மூஸ் மான்களும்

மூஸ் மான்கள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவுக்கு வந்தன. அவை நீந்தி வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. மனிதர் கொண்டுவந்திருக்கலாம் என்பாரும் உளர். வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லாததால் அவை பெருகி, காட்டைத் தின்று தீர்த்து, 1930களில் பட்டினியால் பெருமளவில் மடிந்தன. 1940களின் இறுதியில் உறைந்த ஏரியைக் கடந்து ஓநாய்கள் வந்து சேர்ந்தன. இது அறியப்படாத நிலையில், 1952 இல் டெட்ராய்ட் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து நான்கு ஓநாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. மனிதரிடம் பழகிய அவை காட்டுக்குள் செல்லாமல் மக்களையே சுற்றிவந்ததால் அம்முயற்சி தோல்வியுற்றது.

1958 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் ஆய்வைத் தொடங்கினார். அவருடைய முதல் மாணவர் டேவிட் மெக். பின்னர் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ரோல்ஃப் பீட்டர்சன், ஜான் வுசெட்டிச் ஆகியோர் ஆய்வைத் தொடர்ந்தனர். குளிர்காலத்தில் சிறு விமானத்திலிருந்து விலங்குகள் எண்ணப்படுகின்றன. கோடையில் தன்னார்வலர்கள் ஒரு வாரம் பாதைகளை விட்டு விலகி நடந்து, இறந்த மூஸ் மான்களின் எலும்புகளைத் தேடி எடுக்கின்றனர். பல்லைக் கொண்டு மானின் வயதையும், மூட்டைக் கொண்டு அதன் நோயையும் அறிய முடிகிறது. வலுவான மான்களை விடுத்து, கன்றுகளையும் முதியனவற்றையும் நோயுற்றனவற்றையுமே ஓநாய்கள் பெரும்பாலும் வீழ்த்துகின்றன என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

ஓநாய் கூடினால் மான் குறையும், மான் குறைந்தால் ஓநாய் குறையும், பின் மான் கூடும் என்பது பாடநூல்களில் காணும் ஒழுங்கான அலைவரைபு. ஐல் ராயல் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1980 இல் 50 ஆக இருந்த ஓநாய்கள் 1982 இல் 14 ஆகச் சரிந்தன. தடையை மீறி யாரோ கொண்டுவந்த நாய் ஒன்றின் வழியாகப் பார்வோ வைரசு தீவுக்குள் வந்ததே காரணம் எனக் கருதப்படுகிறது. ஓநாய் குறைந்ததால் மான்கள் பெருகி 1990களின் நடுவில் 2,400 ஐ எட்டின. 1996 இல் கடும் குளிரும், உண்ணிகளும், உணவின்மையும் சேர்ந்து அவற்றை ஏறத்தாழ 500 ஆக்கின. வளர்ப்பு விலங்குகளைப் படகில் வைத்தபடியேகூடப் பூங்காவின் நீரெல்லைக்குள் கொண்டுவரலாகாது என்னும் விதியின் கடுமை, இவ்வரலாற்றை அறிந்தோர்க்கு மிகையாகத் தோன்றாது.

எண்ணிக்கையினும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஓநாய்கள் அனைத்தும் ஒருசில முன்னோர்களின் வழித்தோன்றல்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியதால் முதுகெலும்புக் குறைபாடுகள் மிகுந்தன. 1997 இல் கனடாவிலிருந்து பனிப்பாலத்தைக் கடந்து ஓர் ஆண் ஓநாய் வந்தது. வயதான பின் அதன் உடல்மயிர் வெளுத்ததால் ஆய்வாளர்கள் அதனை நரைத்த கிழவன் எனப் பொருள்படும் பெயரால் குறித்தனர். அதன் குட்டிகள் வலுவுடன் வளர்ந்து தீவெங்கும் பரவின. ஆனால் அவ்வாறு பரவியதாலேயே, சில தலைமுறைகளில் தீவின் ஓநாய்களுள் பெரும்பாலானவை அதன் உறவாகிப் போயின. ஒரே ஒரு புதுவரவு தந்த நன்மை பத்தாண்டுகளில் கரைந்தது.

1960களில் பெரும்பாலான குளிர்காலங்களில் தீவுக்கும் கரைக்கும் இடையே பனிப்பாலம் உருவானது. ஏரி வெப்பமடைந்ததால் பிற்காலத்தில் அது அரிதாயிற்று. உருவான காலத்திலும் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2014 சனவரியில் பனிப்பாலம் அமைந்தபோது புதிய ஓநாய் எதுவும் வரவில்லை. மாறாகத் தீவிலிருந்த பெண் ஓநாய் ஒன்று வெளியேறி, மினசோட்டாக் கரையில் காற்றுத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தது. 2016 இல் இரண்டே ஓநாய்கள் எஞ்சின. அவை தந்தையும் மகளும் ஆகும். ஒரே தாயின் பிள்ளைகளும் ஆகும்.

இந்நிலையில் எழுந்த வினா எளிதானதன்று. வனாந்தரம் எனச் சட்டம் அறிவித்த இடத்தில் மனிதன் தலையிடலாகாது, இயற்கை என்ன செய்கிறது எனக் காத்திருந்து பார்க்கலாம் என்று மெக் உள்ளிட்ட சிலர் வாதிட்டனர். பனிப்பாலம் அரிதானதற்கே மனிதன் காரணம் என்னும்போது, தலையிடாமல் இருப்பதும் ஒரு தலையீடே என்றும், ஓநாய் இல்லையேல் காடு அழியும் என்றும் பீட்டர்சனும் வுசெட்டிச்சும் வாதிட்டனர். முன்பு ஓநாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே தரவை வைத்து எதிரெதிர் முடிவுக்கு வந்தது கவனத்துக்குரியது.

காட்டின் பக்கமிருந்தும் ஒரு சான்று உண்டு. பெருந்தீவின் வடகிழக்கே உள்ள பாசேச்சு தீவில் மூஸ் மான்கள் இல்லை. பெருந்தீவில் மான்களால் மேயப்பட்டு அரிதாகிவிட்ட கனடிய யூ புதர்கள் அங்கு இடுப்பளவு செழித்து நிற்கின்றன. இரு தீவுகளும் ஒரே பாறை, ஒரே ஏரி, ஒரே தட்பவெப்பம் கொண்டவை.

2018 சூன் மாதத்தில் தேசியப் பூங்காச் சேவை புதிய ஓநாய்களைக் கொண்டுவர முடிவு செய்தது. 2018 அக்டோபர் முதல் 2019 செப்டம்பர் வரை மினசோட்டா, ஒன்ராறியோ, மிச்சிகன் பகுதிகளில் பிடிக்கப்பட்ட 19 ஓநாய்கள் தீவில் விடப்பட்டன. அவற்றுள் பெண் ஓநாய் ஒன்று 2019 சனவரியில் உருவான பனிப்பாலத்தின் வழியே தான் வந்த கரைக்கே திரும்பிச் சென்றது. சில இறந்தன. எஞ்சியவை கூட்டங்களாகி ஈனத் தொடங்கின. 2019 இல் 2,000க்கு மேல் இருந்த மூஸ் மான்கள் 2023 இல் 1,000க்குக் கீழே குறைந்தன. 2024 கணக்கெடுப்பில் 30 ஓநாய்களும் ஏறத்தாழ 840 மூஸ் மான்களும் இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

பார்வையாளர்கள் ஓநாயைக் காண்பது அரிது. ஈரமண்ணில் பதிந்த தடம், பாதையில் கிடக்கும் மயிர் கலந்த எச்சம், இரவில் ஓர் ஊளை ஆகியனவே பெரும்பாலோர்க்குக் கிடைப்பவை. மூஸ் மான்களை விண்டிகோவுக்கு அருகே வாசிங்டன் ஓடையில் விடியற்காலையில் காண வாய்ப்பு மிகுதி. கன்றுடன் நிற்கும் தாயும், செப்டம்பர் இறுதியில் இணைதேடும் கடாவும் ஆபத்தானவை. ஓநாயைவிட இவற்றிடமே எச்சரிக்கை தேவை.

குளிர்காலம்

பூங்கா மூடப்பட்ட பின்னர் சனவரி முதல் மார்ச்சு வரை சில வாரங்கள் ஆய்வாளர்கள் மட்டும் விண்டிகோவில் தங்குவர். பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய சிறு விமானம் உறைந்த துறைமுகத்தின் மீது இறங்கும். ஆகவே ஓநாய்களைப் போலவே ஆய்வாளர்களும் பனியின் தடிப்பையே நம்பியுள்ளனர். 2024 இல் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தால் பனி விமானத்தைத் தாங்கும் அளவுக்கு உறுதியாக இல்லை. அதனால் அவ்வாண்டின் குளிர்கால ஆய்வு பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டு, குழுவினர் கரைக்கு அழைத்துவரப்பட்டனர்.